இல்லாத பாஸ்போர்ட்டை ஸ்பானிஷில் தொலைத்த கதை

ஆவணி எத்தனையாவது மாதம் என்று யாராவது சட்டென்று கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். சித்திரையில் கிளம்பி வைகாசி, ஆனி, ஆடி என்று எல்லா இடத்திலும் நின்று நின்றுதான் ஆவணிக்கு வந்து சேருவேன். நடுவில் யாராவது குறுக்கே பேசிவிட்டால் போச்சு, மறுபடியும் சித்திரை. (சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப் பேர் இப்போது மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.)

இது பசறைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த சீதனம். ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார், ஒரு பிரம்பு. வாய்ப்பாடோ தேவாரமோ, எதுவானாலும் ராகம் போட்டுத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் ஒப்பிக்க வேண்டும். நடுவிலிருந்து ஒரு வரியைக் கேட்கிற வழக்கமே அங்கே கிடையாது. இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஸ்பானிஷ் படித்தேன்.

பதுளை கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஹமீது நானாவுக்கு என் மேல் ஒரு பிரியம். அவருடைய மச்சான் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தார். ஒரு ஸ்பானிஷ் கப்பலின் அதிகாரி அடுத்த மாதம் பதுளைக்கு அருவி பார்க்க வருகிறார், கப்பல் சமையலறைக்கு ஓர் ஆள் தேடுகிறார் என்று மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார்.

“தம்பி, அந்தப் பாஷைல நாலு வார்த்த பேசினா போதும், ஒன்ன அள்ளிக்கிட்டுப் போயிருவான்” என்றார் நானா. கடையில் சாமான் சுற்றக் கிடந்த பழைய தாள்களைக் கிளறி, ஸ்பானிஷ் தேசம் போகிற பயணிகளுக்கான ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். புத்தகம் என்றால் அட்டையும் முதல் பக்கமும்தான். மீதி எல்லாம் பருப்பும் மல்லியும் சுமந்துகொண்டு ஏற்கெனவே பல வீடுகளுக்குப் போய்விட்டது.

எங்கள் அப்பா கங்காணி. பேச்சில் சிக்கனம் பிடிப்பவர். “ஒரு மாசம் பாக்குறேன். கப்பல் வரலைன்னா, மறுநாள் காலைல பெரட்டுல ஒம் பேரக் குடுத்து, கையில கவ்வாத்துக் கத்தியக் குடுத்துருவேன்” என்று சொல்லிவிட்டார். பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடம். பதுளைக்குப் போய்ப் பத்தாம் வகுப்பு வரை படித்து, வாரி விட்ட தலையோடு திரிந்த நான், தேயிலைச் செடியை வெட்டுகிற அந்தக் கத்தியை ஏந்துவதா?

ஆகவே படித்தேன். அந்த ஒற்றைப் பக்கத்தில் இருந்தவை இவைதான், இதே வரிசையில்: காலை வணக்கம். ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? என் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. என்னிடம் திருடிவிட்டார்கள். எனக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைக் கூப்பிடுங்கள். மிக்க நன்றி.

ஒரு மனிதன் வெளிநாடு போனால் அவனுக்கு என்னென்ன நடக்கும் என்று அந்தப் புத்தகத்துக்கு ஒரு தெளிவு இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. நாங்கள் இந்தியாவா இலங்கையா என்று இரண்டு அரசாங்கங்களும் வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தன. பாஸ்போர்ட் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அது தொலைந்துவிட்டதை ஸ்பானிஷில் சொல்ல நன்றாகத் தெரியும். “எ பெர்தீதோ மி பாஸாபோர்த்தே!”

“பாஸ்போட்டுக்கு என்ன செய்யிறது நானா?” என்று கேட்டதற்கு, “அத மச்சான் பாத்துக்குவான், நீ வாயத் தொற” என்று முடித்துவிட்டார்.

வாயைத் திறந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டு ராகத்தில் தினமும் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நடந்துகொண்டே ஒப்பித்தேன். லயத்துச் சுவருக்கு எந்தச் சத்தத்தையும் தடுத்துப் பழக்கமில்லை. ஒரு வாரத்தில், கொழுந்து எடுக்கப் போன பெண்கள் மலை மேலிருந்து “எஸ்தோய் என்ஃபெர்மோ” என்று உடம்பு சரியில்லாமல் குரல் கொடுக்க, பக்கத்து மலையில் இருந்தவர்கள் “யாமே ஆ உன் மெதிகோ” என்று டாக்டரைக் கூப்பிட்டார்கள். என் தங்கச்சி சரசு மட்டும் காதைப் பொத்திக்கொள்வாள். “எப்படா முடியும்னு இருக்கு. கடைசியில அந்த முச்சாஸ் கிராசியாஸ் வந்தாத்தான் எனக்கு உசுரே வருது” என்பாள்.

அந்த நாளும் வந்தது. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரிடம் கோட்டும், தபால்காரரிடம் சப்பாத்தும் இரவல் வாங்கினேன். கோட்டுக்குள் நான் அடங்கவில்லை, சப்பாத்துக்குள் என் கால் அடங்கவில்லை. பசறையிலிருந்து பதுளைக்கு பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பத் திரும்ப, காலையில் சாப்பிட்ட ரொட்டியும் கூடவே திரும்பியது. இறங்கும்போது என் முகம் பழுத்த வாழையிலை நிறத்தில் இருந்ததாக நானா பிறகு சொன்னார்.

அதிகாரி தங்கியிருந்த விடுதி வராந்தாவுக்கு நானா என்னைக் கூட்டிப்போனார். மச்சான் ரயில் டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சிவந்த முகமும் பெரிய மீசையுமாக அந்த மனிதர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் “புவேனோஸ் தியாஸ்” என்று முதல் வரியைச் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த மலைக்காட்டில் தன் தாய்மொழியா என்று மளமளவென்று என்னென்னவோ பேசினார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

நானா என் முழங்கையை இறுகப் பிடித்துக் காதருகில் சொன்னார்: “சும்மா நிக்கியே! நன்றி சொல்லுடா!”

நன்றி கடைசி வரி. அதற்கு நேர் வழி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு ராகத்தோடு புறப்பட்டேன். ஸ்டேஷன் எங்கே என்றேன். அவர் கையை நீட்டி வழி காட்டினார். பாஸ்போர்ட் தொலைந்தது என்றேன். அவர் முகம் மாறியது. திருடிவிட்டார்கள் என்றேன். உடம்பு சரியில்லை என்றேன். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று அலறினேன். மிக்க நன்றி என்று முடித்துக் கண்ணைத் திறந்தேன்.

அந்த மனிதர் என் தோளைப் பிடித்து ஏதோ கேட்டார். யார் திருடியது என்று கேட்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது, பள்ளிக்கூட வாத்தியாரைப் போல இன்னொரு தரம் கேட்கிறார் என்று நினைத்து, காலை வணக்கத்திலிருந்து மறுபடியும் சத்தமாக ஆரம்பித்தேன். வியர்வை கொட்டியது. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முழங்கையை விடாமல் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் நானாவின் சட்டைக் கொலர் அவர் பிடியில் இருந்தது.

“யா அல்லாஹ்! அடேய், என்னத்தடா சொன்ன நீ?” என்று நானா தொங்கிக்கொண்டே கேட்டார்.

“நன்றிதான் நானா சொன்னேன்!”

விடுதிக்காரர் பயந்துபோய்ப் பொலிசுக்கு ஆள் அனுப்பினார். கான்ஸ்டபிளும் ஸ்டேஷனிலிருந்து மச்சானும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். துறைமுகத்தில் அந்தப் பாஷையைப் பழகியிருந்த மச்சான் அதிகாரியின் பேச்சைக் கேட்டுத் தமிழில் சொல்ல, கான்ஸ்டபிள் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். உண்மையை எப்படிச் சொல்வது? ஸ்பானிஷ் தெரியாது என்று தெரிந்தால் கவ்வாத்துக் கத்தி அல்லவா?

“பாஸ்போட் நேத்தி வுணா, ஆ?” என்று தொலைந்ததைப் பாதி சிங்களத்தில் கேட்டார் கான்ஸ்டபிள். “எந்த நாட்டு பாஸ்போட்? இந்தியாவா, லங்காவா?”

“அது இன்னும் முடிவாகலைங்க மாத்தயா” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். எந்த நாடும் கொடுக்காத பாஸ்போர்ட்டை எந்த நாட்டுத் திருடன் திருடியிருப்பான் என்று அவருக்கும் எழுதத் தெரியவில்லை. மச்சான் என்னைத் தனியே இழுத்துப்போய் விசாரித்ததும் என் சாயம் வெளுத்தது. அதிகாரியிடம் திருட்டு இல்லை என்பதை அவரால் விளங்கவைக்க முடிந்தது. பஸ்ஸில் வந்த என் வாழையிலை நிறத்தை விளங்கவைக்க முடியவில்லை. அந்த நல்ல மனிதர் தன் சொந்தச் செலவில் கார் பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பாவும் சரசுவும் பதறியடித்து வந்தார்கள். கொழும்புக்குத் திரும்பும் முன் அதிகாரியும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வார்டுக்கு வந்தார். பெற்ற தகப்பனே கத்தி தீட்டிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் எனக்காகப் பழம் வாங்கிவருகிறார். நன்றி சொல்லாமல் விடலாமா? “புவேனோஸ் தியாஸ்” என்று ஆரம்பித்தேன்.

“ஐயோ அண்ணே, வாய மூடு!” என்று சரசு என் வாயைப் பொத்தினாள். அவரைப் பார்த்துக் கும்பிட்டு, “முச்சாஸ் கிராசியாஸ்ங்க” என்றாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

வாசலில் நானா அப்பாவிடம் அதிகாரியின் சேதியைச் சொன்னார். “தங்கமான பையனாம். ஆனா நோயாளிய நடுக்கடலுக்குக் கொண்டு போக ஏலாதாம்.” கப்பலுக்கு நானாவின் தங்கச்சி மகன் போனான். அதிகாரி முன்னால் அவன் வாயே திறக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் என் பெயர் கூப்பிட்டார்கள். கவ்வாத்து மலையில் என் கையில் கொப்புளம் போட்டபோது, பக்கத்து வரிசையில் நின்றவர்கள் ஒரே குரலில் “யாமே ஆ உன் மெதிகோ” என்றார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எண்பதுகளின் கடைசியில், ஒருவழியாக எங்களை இந்த நாட்டுக்காரர்கள் என்று முடிவு செய்தார்கள். எங்கேயும் போகிற யோசனை இல்லாமலே முதல் வேலையாகப் பாஸ்போர்ட் எடுத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சரசு கையில் வாங்கி, என் படத்தைப் பார்த்து, தாளைத் தடவி, திருப்பித் தந்தாள்.

“அப்பாடா! இப்பத்தாண்ணே தொலைக்கிறதுக்கு ஒங்கிட்ட ஒன்னு இருக்கு” என்றாள்.

வீடே சிரித்தது. இன்றைக்கும் நான் வெலிமடைக்கு லீக்ஸும் காய்கறியும் வாங்கப் புறப்பட்டால்கூட, பாஸாபோர்த்தே பத்திரம் என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். பாஸ்போர்ட் வந்த அன்று சரசுவுக்கு அதே பாஷையில் நன்றி சொல்ல நினைத்தேன். வழக்கம்போல் காலை வணக்கத்தில் கிளம்பி, ஸ்டேஷனைக் கேட்டு, பாஸ்போர்ட் தொலைந்த வரிக்கு வந்தேன். கையில் அது இருந்தது. என் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு வரியைச் சொல்லாமல் தாண்டிப் போனேன்.