ரூனேயின் மகன்

பெல்மீரோ தேவாலயத்துக்குள் நுழைந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, நனைந்த காலுறை.

வெளியே மழையா பனியா என்று முடிவுக்கு வராத ஏதோ ஒன்று ஸ்வீடனின் கோத்தென்பர்க் நகரத்தின் மேல் சாய்வாகக் கொட்டிக்கொண்டிருந்தது. போர்ச்சுகலிலிருந்து கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவன் அவன். பட்டறைக்கு வெளியே ஒரு ஜீவன் இதுவரை அவனோடு பேசியதில்லை. டிராமில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து இருக்கை கடைசி நிறுத்தம்வரை காலியாகவே போகும். மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒருமுறை வணக்கம் சொன்னான். அவள் திரும்பி வீட்டுக்குள் போய், அவன் இறங்கிப் போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றாள். மதியத்திலேயே இருட்டிவிடும். பேச்சு மறந்துவிடக் கூடாதென்று வெந்நீர் கெட்டிலோடு பேசத் தொடங்கியிருந்தான். பைத்தியம் பிடிப்பதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவது, இந்த வாரமே கிளம்பிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டான்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஹீட்டரோடு ஒட்டிவைத்த பிறகுதான் முன்னால் சவப்பெட்டி இருப்பதைப் பார்த்தான். நழுவலாம் என்று எழுந்தான். முன்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள்.

பெண் பாதிரியார் விறுவிறுவென்று அவனிடம் வந்தார். "ரூனேவுக்காகவா வந்தீங்க?"

பெல்மீரோவின் ஸ்வீடிஷ் மொழி, பட்டறையில் பொறுக்கியது. 'சூடு', 'ஜாக்கிரதை', 'இதைப் பிடி' எல்லாம் நன்றாக வரும். எனக்கு அவரைத் தெரியாது என்று சொல்ல நினைத்தவன், "அவருக்கு என்னைத் தெரியாது" என்றான்.

"அட கடவுளே! கடைசிவரைக்கும் தெரியாமலே போயிட்டாரா?"

எங்கோ தப்பாகிவிட்டது. "இல்ல, இல்ல. நான் சூடு தேடி வந்தேன்."

"எல்லாரும் அதைத் தேடித்தான் அலையுறோம்." பாதிரியார் அவன் கையைப் பற்றிக்கொண்டார். "பெத்த அப்பாகிட்டயே அது கெடைக்கலன்னா..."

"அப்பா இல்ல!" என்று பதறினான் பெல்மீரோ.

"ஆமாம்ப்பா, இனிமே இல்லதான்" என்று ஒரு வழுக்கைத்தலைக்காரர் அவன் தோளைத் தடவினார்.

முன்வரிசையில் நடுநாயகமாக உட்காரவைத்தார்கள். பாதிரியார் குனிந்து கேட்டார்: "அவருக்காக ஏதாவது பாட்டுப் பாடுறீங்களா?"

'நான் போறேன்' என்று சொல்லத்தான் எழுந்தான். பாடப் போகிறான் என்று நினைத்து எல்லோரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அத்தனை பேர் எழுந்து நின்ற பிறகு என்ன செய்வது? பாடினான். அவனுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு, மத்தி மீன் விற்பவள் எடையில் ஏமாற்றுகிற துறைமுகப் பாட்டு. மொழி புரியாத சபை விம்மியது. பாதியில் அவன் குரலே உடைந்தது. தன் குரலை இவ்வளவு சத்தமாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"தூக்க ஒரு ஆள் குறையுது. இதைப் பிடி" என்றார் வழுக்கைத்தலைக்காரர். இது நன்றாகப் புரிந்ததால் பிடித்தான். முகம் தெரியாத ஒருவரைச் சேற்றில் வழுக்கி வழுக்கிச் சுமந்துபோய்க் குழியில் இறக்கினான். முதல் பிடி மண்ணும் அவன்தான் போட வேண்டும் என்றார்கள். போட்டான். இனி தான் யார் என்று சொன்னால் அடிப்பார்களா, போலீசைக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை.

பிறகு பக்கத்துக் கூடத்தில் காபி. இறாலும் முட்டையும் அடுக்கிய ரொட்டி கேக். ஒவ்வொருவராக வந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி ஈரக் காலுறையைக் கழற்றச் சொல்லி, தன் கம்பளிக் காலுறையைக் கொடுத்தாள். இந்த ஊரில் அவனை மனிதர்கள் தொடுவது இன்றுதான் முதல் தடவை. அதுவும் ஒரு பிணத்தை ஏமாற்றி வாங்கியது. கேக்கைத் தொடாமல் தட்டோடு எழுந்தான்.

உண்மையைச் சொல்லும் வாக்கியத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். காபி ஊற்றிக்கொண்டிருந்த குன்வோர் என்ற வயதான அம்மாவிடம் போனான். பிழையே இல்லாமல் சொன்னான்:

"எனக்கு அவரைத் தெரியாதும்மா. நான் அவர் மகன் இல்ல. நான் யாரோ."

குன்வோர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அவன் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள்.

"மெதுவாப் பேசு தம்பி. இங்க ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. நாதியத்த பொணத்துக்கெல்லாம் நாங்கதான் வந்து உக்காருவோம். இன்னைக்குத்தான் சொந்தம்னு ஒருத்தன் வந்திருக்கான்னு பூரிச்சுப் போயிருக்காங்க, கெடுத்துடாதே."