அவர் விட்டுவைத்த பாதிப் பக்கம்

"உன் முட்டிக்கு மாடிப்படியே ஜாஸ்தி. மலையில பாதியில உக்காந்துட்டேன்னா, உன்னைத் தூக்கிட்டு இறங்கறதா, நான் உச்சிக்குப் போறதா?"

என் கணவர்தான். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் வெறும் சாக்ஸ், சமையலறை வாசலில் நின்று இதை மூன்றாம் தடவையாகச் சொல்கிறார்.

"சரிங்க, நான் வரல. உச்சியில உங்களை யாரு போட்டோ எடுக்கறது?"

பூட்ஸ் மாட்டிய கை நின்றது.

"சரி, வந்து தொலை. பையை நீ தூக்கிக்க."

இந்த மலைக்கு ஒரு சட்டம் உண்டு. வெயில், மழை, காற்று, பனி என்று நாலு பருவத்திலும் தலா ஒரு தடவை, ஒரே பகலில் ஏறி இறங்க வேண்டும். உச்சியில் தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். யார் வேண்டுமானாலும் ஏறலாம். வருடத்தில் முதலில் நாலையும் முடிப்பவர் பெயரை மலையேறும் குழுவினர் அடிவாரத்துப் பலகையில் எழுதுவார்கள். ஒரே ஒரு பெயர். அதற்காக இவர் ஆறு வருடமாக உயிரை விடுகிறார். இந்த வருடம் பனி மட்டும் பாக்கி. ஆபீஸில் முன்கூட்டியே இனிப்பு கொடுத்தாயிற்று.

வெயில்காலத்தில் இவர் கிளம்பியபோதே, "நானும் வரேங்க" என்றேன். சிரித்தார். அதுதான் தப்பு. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஆபீஸ் போனதும் பஸ் பிடித்தேன். உச்சியில் மேகம் எனக்குக் கீழே கிடந்தது. இருபத்திரண்டு வருடம் துணி காயுமா காயாதா என்று அண்ணாந்து பார்த்த அதே மேகம். கைதட்டினேன். வேறு யாரும் இல்லாததால் எனக்கே தட்டிக்கொண்டேன்.

நோட்டில் இவர் அரைப் பக்கத்துக்கு ராஜா மாதிரி கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே பாதி காலி. தாளை வீணாக்கக் கூடாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் விரலில் அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார். நான் வீணாக்கவில்லை.

மழையில் தவழ்ந்து ஏறினேன். காற்றுக்காலத்தில் என் குடை பக்கத்து மலைக்குப் போய்விட்டது. இவருக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம்தான். பழைய பக்கத்தைத் திருப்பினால் கௌரவம் என்னாவது? வீடே இவர் கால்தைலத்தில் மணந்தது. அதில் என் காலும் இருந்ததை யார் மோப்பம் பிடிப்பது? பனிக்கால ஏற்றத்தை, ஜலதோஷம் என்று இவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். நான் தள்ளிப்போடவில்லை.

இன்று பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். "பயப்படாதே. ஒரு மோசமான வளைவு வரும்."

"இடது பக்கமா மிதிங்க. வலது கல்லு ஆடும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே தூக்கத்துலகூட சொல்றீங்க."

மனம் குளிர்ந்து போனார்.

உச்சியில் மலையேறும் குழுவே காத்திருந்தது. இவர் புதுப் பக்கம் திருப்பிக் கையெழுத்திட்டார். போட்டோ எடுத்தேன். குழுச் செயலாளர், ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினார்.

"உங்களது நாலும் சரியா இருக்கு சார். ஆனா உங்க முதல் மூணு பக்கத்துலயும் உங்களுக்குக் கீழயே ஒருத்தர் போட்டிருக்காங்க. நாலாவதும் அந்த மூணாவது பக்கத்துலயே, போன செவ்வாய் தேதி. உங்களுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க."

"யாரு சார் அந்த ஆளு?"

செயலாளர் பெயரைப் படித்தார். குழு மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் பையிலிருந்து ரொட்டியை எடுத்து இவரிடம் நீட்டினேன்.

"முட்டி?" என்றார்.

"நல்லா இருக்குங்க."

செயலாளர் பெட்டியைப் பூட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள். இவர் ரொட்டியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார்.

"சார், புருஷன் பொண்டாட்டின்னா ஒண்ணுதானே சார்? வீட்டுக்கு ஒரு பேரு போதும். பலகையில என் பேரையே எழுதிடுங்களேன். சார்... கொஞ்சம் நில்லுங்களேன் சார்..."