பாங் அண்ணனின் முதுகு

பேக்கிங் வேலை பார்க்கும் பாங் சில்சங் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"எரியுதா அண்ணே?" என்றான் பியோ ஜோங்முக்.

"பின்ன குளிருமா? மல்லாந்து படுத்தே ரெண்டு நாளாச்சு."

சோங்ஜூ ஊரின் அந்தச் சின்னக் கம்பெனியில் கிரீம் தயாரிப்பது ஜோங்முக்கின் வேலை. நத்தையின் சளியை வடிகட்டி, தோலை மிருதுவாக்கும் கிரீம் ஒன்றை இரண்டு வருடம் உயிரைக் கொடுத்து உருவாக்கியிருந்தான். கடைக்குப் போவதற்கு முன் அது தோலுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். பேக்கிங் ஆட்களின் முதுகில் கொஞ்சம் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பார்த்தான். ஒரு முதுகும் தப்பவில்லை.

அவன் தன் கையிலும் ஒட்டிப் பார்த்திருந்தான். அங்கே ஒன்றுமே ஆகவில்லை.

"உனக்கு இருக்கிறது தோலாய்யா? எருமைகூட சொறிஞ்சிருக்கும்," என்றார் முதலாளி. "இன்னொரு தடவை பாரு. அப்பவும் செவந்துச்சுன்னா கிரீமும் வெளிய, நீயும் வெளிய."

சளியைப் பாதியாகக் குறைத்தான். ஆனால் முதுகு கொடுக்க ஆள் வேண்டுமே. முதல் தடவை ஆளுக்கு ஒரு பொதுக் குளியல்கூடத்து டிக்கெட் வாங்கிக் கொடுத்திருந்தான், அங்கே ஆள் வைத்து உடம்பு அழுக்கைத் தேய்த்துவிடுவதும் சேர்த்து. இந்தத் தடவை இரண்டு கேட்டார்கள். கொடுத்தான்.

"பிளாஸ்திரில மட்டும் தண்ணி படக் கூடாது அண்ணே."

"ஒரு சொட்டு படாதுப்பா. நான் பொறுப்பு," என்றார் பாங்.

இந்தத் தடவை சிவப்போடு வீக்கமும் வந்தது. ஜோங்முக் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கடைசி வாய்ப்பு வாங்கினான். வாசனையை எடுத்தான். பிளாஸ்திரியை மாற்றினான். டிக்கெட்டை மூன்றாக்கினான். இரண்டு நாள் கழித்து, துணி பட்டாலே எரிகிறது என்று பாங் சட்டையே போடாமல் வேலைக்கு வந்தார்.

அன்று மாலை அத்தனை கிரீமையும் ஜோங்முக்கே குப்பை லாரியில் ஏற்றினான். ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டான். இத்தனை பேர் முதுகைப் புண்ணாக்கிய பாவி என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை. சட்டைப்பையில் ஒரு டிக்கெட் மிஞ்சியிருந்தது, குளியல்கூடத்துக்குப் போனான்.

தேய்ப்பு மேடையில் குப்புறப் படுத்தான். கண்ணீர் தானாக வழிந்தது. தேய்ப்பவர் சொரசொரத்த துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு அவன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"என்ன சார், உங்களுக்குப் பிளாஸ்திரி இல்லையா?"

"எந்தப் பிளாஸ்திரி?"

"இதே டிக்கெட்டோட வர்ற உங்க கம்பெனி ஆளுங்க முதுகுல இருக்குமே சார், தண்ணி படக் கூடாதுன்னு பாங் அண்ணன் கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனால ஒவ்வொரு தடவையும் பக்குவமா உரிச்சுக் காய்ஞ்ச இடத்துல வச்சுட்டு, அந்தப் பசை போக அங்க மட்டும் நாலு தேய் அழுத்தித் தேய்ச்சு, துடைச்சுட்டு, அதையே திரும்ப ஒட்டி அனுப்பிருவேன்."