என் வண்டியை நானே தள்ளிவிட்ட விபரம்

திண்டிவனம்,
சுபானு வருஷம் ஆவணி மாதம் 18-ந் தேதி, வெள்ளிக்கிழமை.

விழுப்புரம் மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி கோதண்டபாணி அவர்கள் சமுகத்துக்கு, திண்டிவனம் மல்லாட்டை மண்டி மண்ணாங்கட்டி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் என் சம்சாரம் குப்பம்மாளும் அங்காளம்மன் தயவில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடத்தில் தாங்களும், சம்பந்தியம்மாள் லட்சுமியம்மாளும், மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாதக் கர்ப்பமாக இருக்கும் என் பெண் அம்மணியும் சுகமாக இருப்பதற்கு எழுத வேண்டியது. ‘க்ஷேமமாக’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்; ‘உயிரோடு’ என்று வந்துவிட்டது. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமென்றால், யுத்த காலத்தில் தாள் கிடைக்கிற கிராக்கியில் அது முடியாது. அப்படியே படித்துக்கொள்ளவும்.

வருகிற திங்கட்கிழமை நாள் நன்றாயிருக்கிறது, அன்று காரோடு வந்து அம்மணியைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். கார் வராது. திருட்டுப் போய்விட்டது. கல்யாணப் பந்தலில் அத்தனை பேர் நடுவே, தலைப்பிரசவத்துக்கு என் பெண் என் காரில்தான் வருவாள், வேறு எதிலாவது ஏற்றுகிறதாக இருந்தால் அனுப்பவே வேண்டாம் என்று மீசையை நீவிக்கொண்டு சொன்னவன் நான்தான். ஆகையால், கார் வந்தால் அனுப்புகிறேன், வராவிட்டால் பிரசவம் விழுப்புரத்திலேயே ஆகட்டும் என்று தாங்கள் எழுதியதில் ஒரு பிசகும் இல்லை. நான் விற்ற சரக்கைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்த வார்த்தையை ஏன் சொன்னேன் என்று தங்களுக்குத் தெரியாது. என் மூத்த பெண் பூமாலை போய்விட்டாள் என்பது தெரியும். எப்படிப் போனாள் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இதே ஒன்பதாம் மாதத்தில், வலி கண்டுவிட்டதென்று, அப்போது நாங்கள் குடியிருந்த பிரம்மதேசம் கிராமத்திலிருந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். பாதி வழியில் கடையாணி கழன்று சக்கரம் வயலுக்குள் ஓடிவிட்டது. சேற்றில் இறங்கி நான் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தேன். தேடி எடுத்து மாட்டியும் விட்டேன், சம்பந்தி. மாட்டிவிட்டு ஏறிப் பார்த்தபோது மாடு மட்டும்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்கு எதிர்வாடையில் வீடு பார்த்துக் குடிவந்தேன். அந்தக் காரையும் வாங்கினேன். கௌரவத்துக்கு வாங்கினான் மண்டிக்காரன் என்று ஊர் சொன்னது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். பழைய காரைத் திருடுவது போலச் சுலபமான தொழில் வேறு கிடையாது. பறிகொடுத்தவன் சொல்கிறேன், கேளுங்கள். புதுக் கார் ஒன்று தெருவுக்குள் வந்தால் உள்ளே யார், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று மூன்று தெரு விசாரிக்கும். பழைய காரை ஒருத்தரும் தலைநிமிர்ந்து பார்ப்பதில்லை. சத்தத்தைக் கேட்டு, ‘மண்டிக்காரர் போறாரு’ என்று சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள். புதுக் காருக்குச் சாவி உண்டு. என் காரின் சாவி நான் வாங்குவதற்கு முன்பே தொலைந்துபோய், லாட ஆணி ஒன்றை விட்டுத் திருகினால் போதும் என்று விற்றவனே காட்டிக்கொடுத்தான். ஆணியும் தொலைந்துவிடப் போகிறதே என்று நான் அதை நூலில் கோத்து, ஸ்டியரிங்கிலேயே தொங்கவிட்டிருந்தேன். கதவு நாலில் இரண்டைக் கயிற்றால் கட்டியிருந்தது, மேலே துணிக்கூரை. எல்லாவற்றுக்கும் மேலே, தள்ளாமல் அது கிளம்பாது. ஊரான் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு போனால் திருட்டு என்று சந்தேகம் வரும். என் வண்டியை எவனாவது தள்ளாமல் எடுத்துப்போயிருந்தால்தான் எங்கள் தெருவில் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு, அம்மணி முழுகாமல் இருக்கிறாள் என்று தாங்கள் எழுதிய நாள் முதலாக நான் வண்டியை வெளியே எடுக்கவில்லை. கிடைத்த பெட்ரோலைத் தகரத்தில் அடைத்து மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தகரம் ஒழுக ஆரம்பித்தது. மூட்டை நாறிவிடுமே என்று அவ்வளவையும் வண்டியில் ஊற்றினேன். மறுநாள் அமாவாசை. அம்மணி நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டுமென்று மேல்மலையனூரில் பிரார்த்தனை. அதற்குக் காரில் போனால் பெட்ரோல் குறைந்துவிடுமென்று நானும் குப்பம்மாளும் விடியற்காலையில் பஸ்ஸில் போனோம். நாங்கள் போன பிற்பாடு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் சோடாக் கடை வைத்திருக்கும் இருதயராஜிடமே போய், “அண்ணே, சித்த கை குடுங்க. மண்டிக்காரரு வண்டிய எடுத்தாரச் சொல்லிக்கிறாரு” என்றார்களாம். “அவரு பஸ்ஸுல போய்ட்டாரேப்பா?” என்று இருதயராஜ் கேட்டாராம். அதாவது கேட்டார், அதற்குமேல் என்ன செய்வார்? “அந்த பஸ்ஸு செஞ்சிக்கு இந்தாண்ட படுத்துக்கிச்சி. அம்மா வெயில்ல குந்திக்கினு கீறாங்க. ஜல்தி, ஜல்தி” என்றதும் எட்டு பேர் தள்ளினார்கள். தள்ளிவிட்டுத் திருடர்கள் இரண்டு பேருக்கும் தாகத்துக்குச் சோடா உடைத்துக் கொடுத்தும் அனுப்பியிருக்கிறார் இருதயராஜ். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. காரணம் அடுத்து வருகிறது.

மலையனூரில் பொங்கல் வைத்துக் கும்பிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே வருகிறோம். தலையா மணலா என்று தெரியாத கூட்டம். ஏரிக்கரைப் பாதையில் ஒரு கார் மணலில் சிக்கியிருக்கிறது. முன்னும் பின்னும் வேப்பங்கொத்து, நம்பர் பலகைமேல் மஞ்சள் துணி, உள்ளே பத்துப் பதினைந்து ஜனம்; செஞ்சியிலிருந்து கூலிக்கு ஆள் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறான்கள். “பெரியவரே, நீங்களும் ஒரு கை புடிங்க, ஆத்தா புண்ணியம்” என்றான் ஒருவன். ஆறு வருஷ அனுபவம் சும்மா இருக்குமா? துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, “எல்லாரும் பின்னால சாஞ்சா ஆவாதுப்பா! ரெண்டு பேரு சக்கரத்தத் தூக்குங்க! ஏ டிரைவரு, ரெண்டாங் கியர்ல வெச்சிக்க, நான் சொன்னதும் வுடு!” என்று பாடம் நடத்தித் தள்ளினேன். வண்டி நகர்ந்தது. எஞ்சின் பிடித்தது. மூன்று இருமல், ஒரு விக்கல். அந்த விக்கல் இந்தத் தென்னாற்காடு ஜில்லாவில் ஒரே வண்டிக்குத்தான் உண்டு.

“ஐயோ, என் வண்டி! என் வண்டி போவுதே!” என்று ஓடினேன். துண்டு விழுந்தது, குடுமி அவிழ்ந்தது. அமாவாசை, மலையனூர், தலைவிரிகோலமாக ஒருவன் கத்திக்கொண்டு ஓடுகிறான் என்றால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். “புடிங்கடா, எறங்கிடுச்சி!” என்று நாலு பேர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். பேயோட்டுகிற அம்மாள் ஒருத்தி வேப்பிலைக் கொத்தோடு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு நீ? பேரச் சொல்லு.”

“மண்டிக்காரன் மண்ணாங்கட்டிம்மா! வுடுங்கம்மா, வண்டி போவுது!”

“இது அந்த ஆளு பேரு. உள்ள கீறது யாரு, அதச் சொல்லு.” முகத்தில் வேப்பிலை நாலு தரம் விழுந்தது. “வண்டி வண்டின்னு கத்துறியே, வண்டியிலயா பூடுச்சி உசுரு? மாட்டு வண்டியிலயா?”

அவள் வாய்க்கு வந்ததைக் கேட்டாள், சம்பந்தி. எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. எந்தச் சாமியும் என்மேல் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கண்ணெதிரே கார் போன புழுதி அடங்கிக்கொண்டிருந்தது. “ஆமாம், மாட்டு வண்டியில” என்றேன். “பேரு?” என்றாள். “பூமாலை” என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பிணத்தைத் தூக்கும்போதுகூட அழாதவன் நான்.

அந்நேரம் பார்த்துக் குப்பம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்தப் பேர் காதில் விழுந்ததும் அப்படியே என் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“பூமாலையா? ஏண்டி கண்ணு, வந்தியாடி? நல்லா கீறியா?”

‘நான்தாண்டி, உன் புருஷன்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். “நல்லா கீறேம்மா” என்றேன்.

“வலி கிலி இல்லியே இப்ப?”

“இல்லம்மா.”

“கொயந்த எங்கடி?”

“எங்கூடத்தான் கீது.”

“ஆணா பொண்ணாடி? அதக்கூட எனக்கு யாரும் சொல்லலியே.”

யார் சொல்வார்கள்? அன்று நான் அதைத் தெரிந்துகொள்ளவே இல்லை. வயிற்றோடு அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். “பொண்ணும்மா. உன்னாட்டமே கீது” என்றேன். சுற்றி நின்ற ஜனமெல்லாம் அழுகிறது. என்னைப் பிடித்திருந்த தடியன்கூட மூக்கைச் சிந்தி என் சட்டையில் துடைக்கிறான். “தங்கச்சிய எதுலடி கூட்டியாறது?” என்றாள் கடைசியாக. “ரயில்ல கூட்டியாம்மா. அதுல கடையாணி கிடையாது” என்றேன். உடனே அந்த அம்மாள் என் குடுமியில் ஒரு கொத்தை அறுத்து வேப்ப மரத்தில் வைத்து ஆணி அடித்து, தலையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டி, “ஓடிப் பூடுச்சி” என்றாள். ஆமாம், காரும் அதற்குள் செஞ்சி தாண்டிப் போய்விட்டிருக்கும்.

மறுநாள் பெருமுக்கல் மலையடிவாரத்தில் வண்டி அகப்பட்டது. டயர் நாலும் இல்லை. பாட்டரி, விளக்கு, கார்புரேட்டர், துணிக்கூரை எதுவும் இல்லை. நாலு கருங்கல்மேல், பல் பிடுங்கிய கிழவனைப் போல் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. கூட வந்த ஏட்டையா ஆறுதல் சொன்னார்: “புது வண்டிய எவனும் தொட மாட்டான் மண்டிக்காரரே, முழுசா விக்க முடியாது. இப்ப புது டயரு அத்தினியும் பட்டாளத்துக்குப் போவுது. ஊர்ல ஒரு பழைய வண்டி ஓடணும்னா இன்னொரு பழைய வண்டி சாவணும்.” எந்த ஊரிலோ எவன் வண்டியிலோ என் டயர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஏறிப்போகிறவர்களாவது ஆஸ்பத்திரிக்கு நேரத்தில் போய்ச் சேரட்டும்.

இனி என் கோரிக்கை. மலையனூரில் மூத்தவள் வந்து ரயிலில் கூட்டிவரச் சொல்லி வாக்குக் கொடுத்தாள் என்று விழுப்புரம் வரைக்கும் பேச்சு வந்திருக்கும். தாங்கள் அங்காளம்மனிடம் பயபக்தி உள்ளவர்கள் என்பது தெரியும். அந்த வாக்கைச் சொல்லியே தங்களை மடக்கிவிடலாம் என்று இந்த வியாபாரிப் புத்திக்கு மூன்று நாளாகத் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. செத்த பிள்ளை பேரில் காரியம் சாதிக்க மனசு வரவில்லை. வாக்கு அவளுடையதில்லை. கேட்கிறவன் நான். பந்தலில் விறைத்துக்கொண்டு பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், ரயிலில் அனுப்புங்கள். பட்டாளத்துக் கூட்டத்தில் நிற்க இடம் இல்லை என்று பயப்பட வேண்டாம், நான் வந்து பெண்கள் பெட்டியில் உட்கார வைத்து வாசலிலேயே தொங்கிக்கொண்டு வருகிறேன். ஒன்று மட்டும் தயவு பண்ணுங்கள். மலையனூரில் பேசியது நான்தான் என்பது குப்பம்மாளுக்குத் தெரியக் கூடாது. நாலு நாளாகக் கேப்பைக் களி கிண்டும்போது தனக்குள்ளே சிரித்துக்கொள்கிறாள். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அம்மணிக்கு அவள் பிறந்த வீட்டின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கல்லும் முள்ளும் அவள் காலுக்கு விலகட்டும்.

தங்கள் விதேயன்,
மண்ணாங்கட்டி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை. இதைத் தபாலில் சேர்க்கவில்லை. என்ன எழுதினீர்கள், படியுங்கள் என்று குப்பம்மாள் எதிரே உட்கார்ந்துவிட்டாள். மலையனூர்ச் சங்கதி உள்ள தாளை விட்டுவிட்டு, கோரிக்கையிலும் அந்த வரிகளைத் தாண்டி, மற்றதைப் படித்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால், “எழுதறப்ப அஞ்சி தாளு இருந்திச்சி. படிக்கறப்ப நாலு. ஒண்ணு உங்க தொடைக்கடியில கீது, எடுங்க” என்றாள். எடுத்துப் படித்தேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, “இது எனக்கு அன்னிக்கே தெரியும். பூமாலை என்னை ஒரு நாளாவது அம்மான்னு கூப்புட்டிருக்காளா? ஆயான்னுதானே கூப்புடுவா” என்றாள். தெரிந்துமா அவ்வளவு நாழி கேட்டுக்கொண்டிருந்தாய் என்றேன். “ஆறு வருஷமா நீங்க அவ பேர வாயில எடுக்கல. நானும் எடுக்கல. அன்னிக்கு எடுத்தீங்க. வுடுவனா?” என்றாள்.

நாளைக் காலை ரயிலில் அவளே வருகிறாள். நானும் வருகிறேன் என்றதற்கு, எஞ்சின் நின்றால் இறங்கித் தள்ளுவீர்கள், வேண்டாம் என்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பவளிடம் அம்மணியை அனுப்பி வைக்கவும். குப்பம்மாளுக்குத் தெரியக் கூடாது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். முதலில் அம்மணியிடம் சொல்லுங்கள். அக்காள் பேரை எங்கள் எதிரில் சொல்லிவிடக் கூடாதே என்று அவளும் ஆறு வருஷமாகப் பயந்துகொண்டிருக்கிறாள். இங்கே வந்தால் சொல்லலாம்.