பச்சை ஏரியும் ‘பார்க்கலாம்’ விஞ்ஞானியும்

ஏரியில் வளரும் உயிர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. ஏரியை ஆராயும் கூடங்களில் வளரும் ஓர் உயிரைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. அதுதான் ‘பார்க்கலாம்’ விஞ்ஞானி. ஏசி அறையில் செழிக்கும். நேரான கேள்வி பட்டால் சுருங்கிக்கொள்ளும்.

நல்ல மாதிரி பார்க்க வேண்டுமா? பாசி ஆய்வுக்கூடத் தலைவரிடம் வாருங்கள். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் ஆய்வாளர், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அவர் பேசுவது விளங்காத போதெல்லாம் தன் படிப்பில்தான் ஓட்டை என்று நினைத்துக்கொள்வாள்.

“நீலப்பச்சைப் பாசியா சார்?” என்று யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது. அது பாசியே கிடையாது, பாசி என்று பேர் வாங்கிய பாக்டீரியா என்று தொடங்கி, இழை வளைந்திருந்தால் ஒரு இனம், நேராக இருந்தால் வேறு இனம், போன மாநாட்டில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள், அடுத்த மாநாட்டில் சேர்த்தாலும் சேர்ப்பார்கள் என்று டீ ஆறி ஆடை கட்டும்வரை போவார். கேட்டவர் எதற்குக் கேட்டார்? அது அவருக்கே மறந்திருக்கும்.

அன்று ஏரி, பச்சை பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போலப் பாசி படர்ந்து கிடந்தது. ஊருக்குக் குடிநீர் அங்கிருந்துதான். குழாயை அடைப்பதா வேண்டாமா என்று கேட்டுக் குடிநீர்ப் பொறியாளர் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீரில் முக்கிப் பார்க்கும் சோதனைப் பட்டையோ நச்சு உண்டு என்று தெளிவாகவே காட்டியிருந்தது.

“பட்டை காட்டும். பட்டைக்கு என்ன தெரியும்?” என்றார் தலைவர். “முதல்ல இனம் எதுன்னு முடிவாகட்டும். இன்னொரு மாதிரி எடுப்போம்.”

“எடுத்துட்டு?”

“பார்க்கலாம்.”

அடைத்தால் ஊர் திட்டும், அடைக்காவிட்டால் ஊர் வாந்தியெடுக்கும், எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்றார் பொறியாளர். தலைவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள்: ‘தற்போதைய தரவுகளைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.’ என்ன வாக்கியம்! எங்கே பிடித்தாலும் வழுக்கும். தனக்கும் இந்த நடை கைவந்துவிட்டதே என்று ஒரு கணம் அவளுக்குப் பெருமைகூட வந்தது.

அப்போது தலைவரின் போன் அடித்தது. மனைவி.

“குழாய்த் தண்ணி வேணாம்மா. கேன் சொல்லிடு. காய்ச்சினாலும் போகாது, பிள்ளைங்களுக்குக் குடுத்துடாதே.”

இழையும் இல்லை, மாநாடும் இல்லை. வீட்டுக்கென்றால் விஞ்ஞானம் எவ்வளவு தெளிவு!

பொறியாளர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீட்ல இன்னிக்கு என்ன தண்ணி?”

காலையிலேயே அவள் வீட்டுக்குப் பேசியிருந்தாள். ஒரு வாய் குடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்ட அப்பாவை அதட்டிக்கூட வைத்திருந்தாள். தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவளுடைய வேலை நிரந்தரமாவது அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரரின் கையில்தான் இருந்தது.

“கேன் தண்ணி சார்,” என்றாள்.

பொறியாளர் எழுந்தார். கடிதத்தைக் கேட்கவில்லை. வாசலைத் தாண்டுமுன்பே போனைக் காதில் வைத்து, “வால்வை அடைங்கப்பா” என்றார்.

தலைவர் அவளைத் திட்டினாரா? அந்த இனம் திட்டாது. வால்வு அடைபட்டால் ஏரியின் ஓட்டம் மாறிவிடும், ஆகவே இதுவரை எடுத்த மாதிரிகள் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. தன் வேலை என்னாகும் என்று அவள் மெல்லக் கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர், அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது, “அது பிள்ளையைப் பொறுத்ததுங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தி, “நல்லவேளை, நம்ம பையனை அங்கே போடல” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது யாருங்க?