தொப்பிக்காரர் மெர்லும் நாரைகளின் தோஷமும்

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கால்பந்து என்று அழைக்கும் நாடு இது. இங்கே எதைச் சொன்னாலும் நம்புவார்கள். நம்ப வைக்க ஆள் வரவேண்டும், அவ்வளவுதான். டொலீடோ நகரத்துக்கு இந்த ஆண்டு வந்துவிட்டார்.

பெயர் மெர்ல் டஃப்ட். ஞாயிறு மதியம் ஹவ்ரிலா பாரில் கால் வைக்க இடம் இருக்காது. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பாதிரியாரே வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்து பியர் குடிப்பார். தன் கடையைவிட எதிர்க்கடையில் கூட்டம் அதிகம் என்று அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மூலை நாற்காலியில் மெர்ல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். காது மறைய இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மடியில் எந்தக் காலத்திலோ யாரோ போட்டு ஆடிய தோல் ஹெல்மெட். நாரைகள் வெளியூரில் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஊர் அணியின் பெயர் அதுதான், நாரைகள். பெயர் வைத்த நாளிலிருந்து அணியும் ஒற்றைக் காலில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

சுவரிலிருக்கும் பெரிய டிவியில் நாரைகளின் உதைக்காரன் பந்தை உதைக்கத் தயாராகும்போது மெர்லின் உதடு அசையும்.

"வெளிய போகுது."

பார் மூச்சை அடக்கும். திரையில் அவன் நிதானமாக ஓடி வந்து உதைப்பான். பந்து கம்பத்துக்கு வெளியே போகும். பெரிய பெரிய ஆசாமிகள் கையிலிருக்கும் சாசேஜைக் கீழே வைத்துவிட்டு மார்பில் சிலுவைக் குறி போடுவார்கள். தோற்றதற்கு அழக்கூட மறந்துவிடும். தோற்கப்போவது முன்னாலேயே தெரிந்துவிட்டதில் அவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

வித்தை அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மெர்லுக்கு ஒரு கொள்கை இருந்தது. நாரைகள் தோற்பதற்குக் காரணம் நாரைகள் அல்ல, ரசிகர்கள்தான். சில ரசிகர்களுக்குத் தோஷம். அவர்கள் மைதானத்தில் பரம்பரையாக உட்காரும் இருக்கைக்கும் தோஷம். அந்த இருக்கையை மெர்லின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். அவர் அதை ஆட்டம் முடியும்வரை காலியாக வைத்துச் சுத்தம் செய்வார். மாற்றுவதும் சுலபம். டிக்கெட்டெல்லாம் போனில்தானே இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போயிற்று.

கூரை வேலை செய்யும் ஆர்லோ பிட்மன் அப்படித்தான் தட்டினான். அடுத்த ஆட்டத்தில் டிவி கேமரா கூட்டத்தின் மேல் போனபோது, அவனுடைய இருக்கையில் எதிரணியின் மஞ்சள் சட்டையோடு ஒரு குண்டன் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான்.

"மெர்ல், என் சீட்டுல எவனோ உட்கார்ந்திருக்கான்" என்றான் ஆர்லோ.

"நான்தான் உட்கார வெச்சேன். உன் தோஷம் அவனுக்கு ஒட்டிக்கட்டும்னு."

ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குண்டன் டிக்கெட்டை எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கூட்டத்தில்தான் வெண்டெல் குஜாவாவும் இருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். நாரைகளைப் பற்றி அவனுக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. பயிற்சியாளர் கோழை. உதைக்காரனுக்குக் காற்றடித்தால் கால் நடுங்கும். பந்தை எறியும் ட்ரே ஹாலோவே தங்கமான பையன், ஆனால் அவனுக்கு இடது பக்கம் தடுப்பாக நிற்கும் இரண்டு தடியன்களும் கதவைத் திறந்துவிடுகிற வாட்ச்மேன்கள். "இடது பக்கம் ஓட்டைடா" என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தான். பேருந்தில் ஏறும் பிள்ளைகளுக்கே அது மனப்பாடம்.

மெர்லிடம் போய் நின்ற நாளோடு அத்தனை கருத்தும் போயிற்று.

"நாரைங்க தோத்த ஆட்டம் எல்லாத்தையும் நீ பார்த்திருக்கே, இல்லையா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் மெர்ல்.

"ஆமாங்க. ஒண்ணு விடாம."

"பார்த்தியா."

"ஜெயிச்ச ஆட்டத்தையும் பார்த்திருக்கேனே."

"அது உன்னையும் மீறி ஜெயிச்சது."

இதற்கு மேல் என்ன பேசுவது? தன்னால்தான், தான் கண் கொட்டாமல் பார்த்ததால்தான் இத்தனை வருடத் தோல்வியும் என்று வெண்டெல் நம்பிவிட்டான். நிஜமாகவே உடைந்து போனான், பாவம்.

அவனிடம் இருந்தவை மைதானத்தின் வடக்கு முனையில் இரண்டு இருக்கைகள். அப்பா விட்டுப்போனவை. இந்த வருஷம் நாரைகள் எப்படியோ தட்டுத்தடுமாறிக் காலிறுதிவரை வந்துவிட்டார்கள். இந்த ஞாயிறு வெளியூரில் ஜெயித்துவிட்டால், அடுத்த ஞாயிறு அரையிறுதி சொந்த மைதானத்தில். அப்பா ஆயுள் முழுக்கக் காத்திருந்து பார்க்காமலே போன ஆட்டம் அது. அந்த இருக்கைகளைத்தான் மெர்ல் கேட்டார். இன்றைய ஆட்டம் முடிந்ததும் மாற்றித் தருவதாக வெண்டெல் வாக்குக் கொடுத்திருந்தான்.

காலையில் சமையலறையில் மனைவி டோரீனிடம் சொன்னான். அவள் முட்டையைத் திருப்பிப் போடுவதை நிறுத்தினாள்.

"உங்க அப்பா சீட்டை அந்தத் தொப்பிக்காரன் கிட்ட குடுக்கப் போறியா?"

"ஊருக்காகத்தான் டோரீன். அவருக்கு நடக்கப்போறது எல்லாம் தெரியுது."

"எனக்கும்தான் தெரியும். நான் இங்க பாத்திரம் கழுவும்போதே, நீ அங்க எப்ப அழப்போறேன்னு தெரிஞ்சிடும்."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்லடா. ஹால்ல இருக்கிற டிவி இன்டர்நெட்டுல ஊரெல்லாம் சுத்திட்டு ஆடி அசைஞ்சு வருது. இது ஆன்டெனா, உடனே வந்துடும். இதுல பந்து கோட்டைத் தாண்டி டச்டவுன் ஆகி விளம்பரம் ஓடும்போதுதான் நீ அங்க 'ஓடுடா ஓடுடா'ன்னு கத்துவே." ஜன்னலோரம் இருந்த சின்ன டிவியைக் கரண்டியால் காட்டினாள். "ஹவ்ரிலா எப்ப கேபிளை நிறுத்திட்டு இன்டர்நெட்டுக்கு மாத்தினான்?"

"செப்டம்பர்ல."

"மெர்லுக்கு அருள் எப்ப வந்தது?"

வெண்டெல் சட்டையை மாட்டினான். அதிர்ஷ்டச் சட்டை. சீசன் தொடங்கியதிலிருந்து துவைக்காதது. டோரீன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன டிவியைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்தாள்.

பாரில் ஆட்டம் பாதி தாண்டியிருந்தது. நாரைகள் பின்தங்கியிருந்தார்கள். டோரீன் டிவியைக் கவுண்டரில் வைத்து, ஆன்டெனாவின் இரண்டு கொம்பையும் விரித்துவிட்டாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் ஹவ்ரிலா.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கிட்ட வெச்சுப் பார்க்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் சின்ன டிவியில் ட்ரே ஹாலோவே பந்தை எறிந்தான், எதிரணிக்காரன் பறித்துக்கொண்டான். மூலையில் மெர்ல் ஹெல்மெட்டைத் தடவினார்.

"பந்தைப் பறிக்கப் போறாங்க."

"பறிச்சு நேரமாச்சே" என்றாள் டோரீன்.

பெரிய டிவியில் ட்ரே இன்னும் பந்தைக் கையில்கூட வாங்கியிருக்கவில்லை. எல்லாத் தலையும் சின்ன டிவிக்குத் திரும்பி, பெரிய டிவிக்குப் போய், மெர்லிடம் வந்து நின்றது. பாதிரியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மெர்ல் லேசுப்பட்டவரா? சிரித்தார். "என் சக்தி அந்தப் பெட்டிக்குள்ளயும் இறங்கிடுச்சு."

இரண்டு பேர் உடனே பெட்டியைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். டோரீன் அவர்கள் கையைத் தட்டிவிட்டாள்.

"ஹவ்ரிலா, பெருசை அணைங்க. யோவ் மெர்ல், இது சின்ன டெஸ்டு. இந்தப் பெட்டி காட்டுறதுக்கு முன்னாடி சொல்லு. ஒரே ஒரு தடவை போதும்."

பெரிய டிவி அணைந்தது. சின்னத் திரையில் நாரைகள் அணிவகுத்து நின்றார்கள். மெர்லுக்குத் தொப்பி ஓரத்தில் வியர்த்தது.

"மெர்ல், சொல்லுங்க" என்றான் வெண்டெல். அவன் குரல் கெஞ்சியது. அவனுக்கு அவர் ஜெயிக்க வேண்டியிருந்தது. தன் தோஷம் பொய்யென்றால், அப்பாவிடம் மானசீகமாக அவன் கேட்ட மன்னிப்பெல்லாம் வீண்தானே.

"டச்டவுன்" என்றார் மெர்ல்.

ட்ரே ஹாலோவே இடது பக்கத்திலிருந்து வந்த எதிரணிக்காரன் மோதியதில் குப்புற விழுந்தான்.

"தொப்பியைக் கழட்டச் சொல்லு" என்றாள் டோரீன் வெண்டெலிடம். "உள்ள சூடாத்தானே இருக்கு."

"தொப்பியை எடுத்தா பார்வை போயிடும்" என்றார் மெர்ல்.

"போகும். நானும் அதைத்தான் சொல்றேன்."

வெண்டெல் எழுந்து போனான். தொப்பியைப் பிடித்து இழுத்தான். காதிலிருந்து ஒரு சின்னப் பொத்தான் கழன்று, வயரோடு தொங்கியது. பார் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. கொசு ரீங்காரம் அளவில் ரேடியோ வர்ணனையாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மறுபடியும் இடது பக்கம், நேயர்களே, மறுபடியும் இடது பக்கம்."

வெண்டெல் அந்தப் பொத்தானையே பார்த்தான். "இதைத்தான்யா நான் வருஷக்கணக்காச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான்.

ஆர்லோ எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். கூரை வேலை செய்கிற உடம்பு, வாசல் முழுக்க அவனே இருந்தான். மெர்ல் மரியாதையாகப் போனை எடுத்து, விற்காமல் மிச்சம் வைத்திருந்த இருக்கைகளை உரியவர்களுக்கு ஒவ்வொன்றாகத் திருப்பித் தட்டினார். தட்டும்போது மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

இந்தக் களேபரத்தில் நாரைகள் எழும்பி ஜெயித்ததை ஒருவரும் பார்க்கவில்லை. யாருடைய அருளும் இல்லாமல், யாருடைய தோஷமும் இல்லாமல் ஜெயித்திருந்தார்கள். புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா?

"நாம யாரும் பார்க்கலல்ல, அதான் ஜெயிச்சாங்க" என்றார் ஹவ்ரிலா. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். டோரீன் டிவியை மறுபடி துண்டில் சுற்றினாள்.

அடுத்த ஞாயிறு பனி கொட்டியது. அப்பாவின் நாற்காலியில் வெண்டெல், பக்கத்தில் டோரீன், பின்வரிசையில் ஆர்லோ. வெண்டெல் துவைத்த சட்டை போட்டிருந்தான். எதிரணி இடது பக்கமாக வந்தது. திரும்பத் திரும்ப இடது பக்கமாகவே வந்தது. நாரைகள் செமத்தியாகத் தோற்றார்கள்.

ஆர்லோ முன்னால் குனிந்து கேட்டான். "உண்மையைச் சொல்லுடா, சட்டையைத் துவைச்சியா?"

"துவைச்சேன்."

"நாசமாப் போச்சு."

"ஆர்லோ, இடது பக்கம் நிக்கிற அந்தத் தடியன் இருக்கானே, அவன் என் சட்டையைப் பார்த்தா வழி விட்டான்? அவனுக்கு நிக்கத் தெரியல. அவனை மாத்தணும். என் சட்டையை மாத்தி என்ன ஆகப்போகுது?"

அழுதபடிதான் சொன்னான். ஆனால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, தோற்றதற்கு மட்டும் அழுதான். தன்னைத் திட்டிக்கொண்டு அழவில்லை.

மெர்ல் பக்கத்து ஊர் பாரில் கடை போட்டிருப்பதாகக் கேள்வி. அங்கேயும் கூட்டமாம், கால் வைக்க இடமில்லையாம். அவர் தொப்பிக்குள் ஒரு ரேடியோ இருக்கிறது, அதை நன்றாகவே பயன்படுத்துகிறார். மற்றவர்களின் தொப்பிக்குள் தலை இருக்கிறது. அதை எப்போது பயன்படுத்துவார்கள் என்றுதான் தெரியவில்லை.