தென்னையின் தாகம் தீர்த்த மாப்பிள்ளை

படித்த மருமகன் கையில் எதை ஒப்படைத்தாலும் அது பட்டுப்போகும். என் மாமனார் ஒரு தோப்பை ஒப்படைத்தார்.

சுதந்திரம் வந்த புதிது. காலடிப்பேட்டையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தத் தோப்பு. சுற்றித் தென்னை, நடுவே வாழை, ஓரமாக எலுமிச்சை. மைத்துனி சரோஜாவின் கல்யாணப் பந்தலில் நம் தோப்பு வாழைதான் நிற்கும் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். குலை தள்ளிய மரங்களை என்னிடம் விட்டுவிட்டுத் திருப்பதி, உறவினர் வீடுகள் என்று கிளம்பினார். காலையில் ஏற்றத்தில் இறைக்க வேண்டும், பிறகு பொழுது சாயும்வரை கிணற்றைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. (ஏன் என்று நான் கேட்கவில்லை. பி.ஏ. படித்தவன் எதையும் கேட்பதில்லை.)

மரங்களின் நீர்த்தேவை பற்றி நான் ஓர் ஆங்கிலப் பிரசுரம் படித்திருந்தேன். அதன்படி, மாமனாரின் தென்னைகள் பிறந்தது முதல் தாகத்தில் தவித்துக்கொண்டிருந்தன. மனம் பொறுக்கவில்லை. நண்பனிடம் ஆயில் இன்ஜின் பம்ப் இரவல் வாங்கி, தினமும் விடிந்தது முதல் அந்தி வரை ஓட்டினேன்.

ஒருநாள் மனைவி காமாட்சி குடத்தை என் முன் வைத்தாள். பருப்பு வேகவில்லையாம்.

"வாயில ஊத்திப் பாரு, இன்னா கீதுன்னு."

குடித்தேன். வங்காள விரிகுடா.

அந்த மணலில் நல்ல தண்ணீர் மேலாக மிதக்கிறது. அடியில் கடல் காத்திருக்கிறது. மெல்ல மொண்டால் நல்ல தண்ணீர் ஊறும். வெறிகொண்டு உறிஞ்சினால் கடலே மேலே ஏறிவிடும். பிரசுரத்தில் இது இல்லை. (இருந்திருக்கலாம். நான் பாதிதான் படித்தேன்.)

வாழை இலை ஓரம் கருகி, மரம் குலையோடு சரிந்தது. எலுமிச்சை குச்சியானது. யாருக்காக இத்தனையும் செய்தேனோ, அந்தத் தென்னைகள் மட்டும் உப்பையும் குடித்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல் நின்றன.

மாமனார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். ஒரு வாய் குடித்துத் துப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"வாழைய வாங்கிக்கலாம்," என்றார். "கெணத்த எங்க போய் வாங்கறது, மாப்ளே?"

கல்யாணத்துக்கு வாழை செங்குன்றத்திலிருந்து வந்தது. தெருத்தெருவாகக் கெஞ்சி வாங்கிய தண்ணீர் மாட்டு வண்டியில் வந்தது. பந்தியில் ரசம் கரித்தபோது எல்லோரும் சமையல்காரரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சில மழைக்காலங்களில் கிணறு தேறிவிட்டது. நான் தேறவில்லை.

போன ஆவணியில் என் மகள் கல்யாணம், அதே தோப்பு வீட்டில். பெண்ணின் தகப்பன் என்ற மிடுக்கோடு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். பேரன் பேத்தி எடுத்துவிட்ட சரோஜா குறுக்கே வந்து நின்றாள்.

"நீ அப்டியே நில்லு மாமா. நான் மொண்டு தரேன்."

நின்றேன். ஒரு செம்புதான் கொடுத்தாள்.